சக்கரத்தில் ஏற்ற வேண்டியது எது?

நடமாடும் வகுப்பறை என்றதும் முதலில் மனதில் ஓடுவது போக்குவரத்துக் கணக்குதான். பள்ளி இல்லாத இடத்துக்குப் பள்ளி போகிறது. ஒரு வேன், நாலு பெட்டிச் சாமான், ஓர் ஆசிரியர், ஓர் ஓட்டுநர், மாதத்துக்கு இவ்வளவு டீசல். ஆனால் வயலையும் குளத்தையும் காட்டையும் பாடமாக வைத்து நடத்தும் வெளிக்கல்விக்கு இந்த வண்டிகளை அனுப்பும்போது, டீசல் கணக்கோடு ஒரு பழைய தத்துவக் கேள்வியும் ஏறிக்கொள்கிறது. அறிவுக்கும் இடத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றை அறிய அது இருக்கும் இடத்துக்கே போக வேண்டுமா, அதைப் பற்றிய சொல் நம்மிடம் வந்து சேர்ந்தால் போதுமா? சொல்லே போதும் என்றால் வண்டி வெளியே போவது வீண். அந்தப் பணத்தில் ஊருக்குள் நல்ல நூலகம் ஒன்று கட்டிவிடலாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், வகுப்பறையை எதற்குக் கூடவே இழுத்துக்கொண்டு போவது? பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஆயிற்று. இப்படிப் பார்த்தால் வெளிக்கல்விக்கு நடமாடும் வகுப்பறை என்பதே முரண்பாடாகப் படுகிறது. முரண்பாடு இல்லை என்பது என் கட்சி. இன்று வண்டிகளில் ஏற்றி அனுப்புகிறவற்றில் பலவும் ஏற்றத் தேவையில்லாதவை என்பதும் அதே கட்சியைச் சேர்ந்ததுதான்.

இந்த வழக்கைப் பேச வேண்டிய கருவிகள் தமிழில் நெடுங்காலமாக இருக்கின்றன. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கும்போது முதலில் பேசுகிறவர் அளவைவாதி. கடவுள் உண்டா, உயிர் உண்டா என்பதெல்லாம் பிறகு. அறிவது எப்படி என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியாரும் தன் கொள்கையைச் சொல்லும் பகுதியை, அறியும் வழிகளான அளவைகளிலிருந்தே தொடங்குகிறார். பிறர் சொன்ன அளவைகளை எல்லாம் அடுக்கி, கடைசியில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். பொறிகளால் நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்ல அறிவது உரை. சைவ சித்தாந்திக்கு உரை என்றால் ஆகமம். பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியரும் புத்தகமும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் எது இடம் பெயரும்? உரை தாராளமாகப் பெயரும். வாய் வழியாக, ஏடு வழியாக, இன்று கைபேசி வழியாக உலகம் முழுக்கச் சுற்றும். கருதல் தலைக்குள் நடப்பது, தலை போகும் இடமெல்லாம் போகும். காண்டல் மட்டும் நகராது. முதலையைப் பிடித்து மிருகக்காட்சிச் சாலைக்குக் கொண்டுவரலாம், அது வெயில் காய்ந்த ஆற்றங்கரையைக் கொண்டுவர முடியாது. வெளிக்கல்வி கற்பிக்க நினைப்பதில் பெரும்பங்கு இத்தகைய உறவுகள்: எந்தச் சரிவில் எந்த மரம் நிற்கிறது, மழைக்கு மறுநாள் மண் எந்தப் பக்கம் அரித்திருக்கிறது, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது. பொருளை எடுத்து வரலாம், உறவை எடுத்து வர வழியில்லை. ஆகவே நகரக்கூடிய உரையை நகராத காட்சியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெளிக்கல்வி வண்டிக்கு இருக்கும் ஒரே நியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டும் ஏன் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று கேட்கலாம். சொல்லை வகுப்பில் கொடுத்துவிட்டு, காட்சியை வருஷக் கடைசியில் சுற்றுலாவில் கொடுத்தால் ஆகாதா? ஆகாது என்பதற்கான காரணம் சித்தியார் காட்சியைப் பகுக்கும் விதத்திலேயே இருக்கிறது. முதற்கணத்தில் கண்ணில் படுவது ‘ஏதோ ஒன்று’ மட்டுமே. அது நிருவிகற்பக் காட்சி. பெயர், சாதி, குணம், தொழில் முதலியவற்றோடு இன்னதென்று தெளிவது சவிகற்பக் காட்சி. இதோ அதோ என்று தடுமாறும் ஐயமும், ஒன்றை இன்னொன்றாகக் கொள்ளும் திரிபும் தெளிவைக் கெடுக்கக் காத்திருக்கின்றன. தட்டைப்பயறுச் செடி ஒன்றை வேரோடு மெல்லப் பிடுங்கி மண்ணை உதறிப் பாருங்கள். வேரில் அங்கங்கே மிளகைவிடச் சிறிய முண்டுகள் தெரியும். விவசாயம் பார்க்கும் வீட்டுப் பிள்ளை அவற்றை எத்தனையோ தடவை பார்த்திருக்கும். ஏதோ முண்டு என்பதற்கு மேல் போயிருக்காது. அது செடிக்குத் தழைச்சத்து சேர்த்துக் கொடுக்கும் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் வேர்முடிச்சாக இருக்கலாம். செடியை உறிஞ்சிக் கெடுக்கும் நூற்புழு உண்டாக்கிய வீக்கமாகவும் இருக்கலாம். ஒன்று நண்பன், மற்றது எதிரி. பார்வைக்கு இரண்டும் முண்டு. விரலால் தேய்த்தால் வேர்முடிச்சு பக்கவாட்டில் கழன்று வந்துவிடும். நூற்புழு வீக்கம் வேரே பருத்தது, ஆகையால் கழலாது. கழன்றதை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அப்படி இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. இந்த ‘தேய்த்துப் பார், பிளந்து பார்’ என்ற சொல் செடி கையில் இருக்கும்போது வர வேண்டும். முந்தின மாதம் வகுப்பில் வந்திருந்தால் அது மனப்பாடம். அடுத்த மாதம் வந்தால் செடி காய்ந்திருக்கும், சிவப்பும் போயிருக்கும். படம் போட்டுக் காட்டலாமே என்றால், படம் விரலுக்குக் கழன்று வராது.

இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, தத்துவப் பெயர் எதுவும் வைக்காமல், செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில் இருந்த கறுப்பின ஆசிரியர்கள். அங்கே மேக்கன் மாவட்டத்தில் 1881இல் புக்கர் டி. வாஷிங்டன் தலைமையில் தொடங்கிய டஸ்கீகி கல்லூரியின் விவசாயத் துறைக்கு 1896இல் வந்து சேர்ந்தார் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. நிலம் வெள்ளைக்காரருடையது, உழைப்பு வாரத்துக்கு உழுகிற கறுப்பின விவசாயியுடையது. வருஷா வருஷம் பருத்தி, பருத்தி, பருத்தி. மண் சத்திழந்து கிடந்தது. கார்வர் எளிய நடையில் துண்டறிக்கைகள் எழுதினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அறிக்கையால் என்ன பயன்? கல்லூரி 1892இலிருந்தே விவசாயிகள் மாநாடு கூட்டியது. வேலையை விட்டு, வண்டி பிடித்து வர முடிந்தவர்களுக்குத்தான் அது. உரை இருந்த இடத்துக்கு வயல் வர முடியவில்லை. ஆகவே 1906இல், மாரிஸ் ஜெசப் என்ற நியூயார்க் வங்கியாளர் கொடுத்த பணத்தில், கார்வர் வகுத்த திட்டப்படி ஒரு வண்டி கட்டினார்கள். ஜெசப் வண்டி என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது.

விலங்குகள் இழுத்துப் போன அந்த வண்டியில் என்ன இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கலப்பை, களை கொத்தும் கருவி, விதைக்கும் கருவி, வெண்ணெய் கடையும் எந்திரம், பாலைச் சோதிக்கும் கருவி. பெஞ்சு இல்லை, கரும்பலகைக்கு முக்கியத்துவம் இல்லை. பயிரும் மண்ணும் வண்டியில் வரவில்லை. அவை அங்கேயே காத்திருந்தன. அந்த ஆண்டே வண்டியின் பொறுப்பை ஏற்ற தாமஸ் மன்ரோ காம்ப்பெல், அமெரிக்க விவசாயத் துறை அமர்த்திய முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர். ஒரு விவசாயியின் சொந்த நிலத்திலேயே, அக்கம்பக்கத்தார் கூடி நிற்க, ஆழ உழுவதையும் விதைப்பதையும் செய்து காட்டுவது முறை. தட்டைப்பயறும் சர்க்கரைவள்ளியும் நிலக்கடலையும் போட்டால் பருத்தி உறிஞ்சிய மண் எப்படித் தேறும் என்பது அந்த மண்ணிலேயே தெரிய வேண்டும். உரையை நம்பச் சொல்லும் வேலையே இல்லை, பக்கத்துப் பாத்தி சொல்லிவிடும். 1923இல் இந்த ஏற்பாடு ‘புக்கர் டி. வாஷிங்டன் சக்கரப் பள்ளி’ என்ற மோட்டார் வண்டியாக வளர்ந்தபோது, அதற்கு அலபாமா கறுப்பின விவசாயிகளே காசு சேர்த்துக் கொடுத்தார்கள். பயனில்லாத ஒன்றுக்கு ஏழைகள் தாமாகச் சந்தா கட்ட மாட்டார்கள்.

கார்வர் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உடையவர். டஸ்கீகியில் மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விவிலிய வகுப்பு நடத்தினார்; விடியற்காலையில் காட்டுக்குள் நடந்து செடி சேகரிப்பதையே படைத்தவனோடு பேசுவதாகக் கொண்டார். சைவ சித்தாந்தம் வேறு வழியாக இதன் அருகே வருகிறது. உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய தனு கரண புவன போகங்கள் உயிரின் மலம் என்ற அழுக்கு நீங்குவதற்காக இறைவன் தந்தவை என்பது அதன் கொள்கை. உயிர் தானாக அறியாது, காட்டினால்தான் காணும். அதனால் காட்டுவது ஓர் உபகாரம், கூட நின்று காண்பது இன்னோர் உபகாரம் என்று இறைவனின் செயலை இரண்டாகச் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் மனிதர் அளவில் செய்கிறவர்தான் ஆசிரியர் என்றால், வயலுக்கு வராமல் பிள்ளையை மட்டும் அனுப்புகிறவர் பாதி வேலைதான் செய்கிறார். படத்தைக் காட்டிவிட்டு வயலுக்கு அனுப்பாதவரும் அப்படியே. கார்வரின் இறையியலும் சித்தாந்தமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. உலகமே கடவுளின் பேச்சு என்பதற்கும், உலகம் உயிர் பக்குவப்பட்டுக் கடந்துபோக வேண்டிய இடம் என்பதற்கும் இடைவெளி பெரிது. உலகத்தை ஓரங்கட்டிவிட்டு உயிருக்குக் கல்வி இல்லை என்பதில் இரண்டும் சேர்கின்றன.

அலைந்து கற்பித்த சமய ஆசான்களிடமும் இதையே காண்கிறோம். புத்தர் கயை அருகே, முன்பு தீ வளர்த்து வழிபட்ட சடிலர்களிடம் பேசியபோது எல்லாம் எரிகிறது என்று தீயை வைத்தே பேசினார். கோசாம்பியில் சிஞ்சுபா மரத்து இலைகளைக் கைப்பிடி அளவு எடுத்துக் காட்டி, சொன்னதும் சொல்லாததும் எவ்வளவு என்று விளக்கினார். இயேசு கலிலேயாக் கரையில் கூட்டம் நெருக்கியபோது படகில் ஏறி உட்கார்ந்து, கரையில் நின்றவர்களுக்கு விதைக்கிறவனைப் பற்றிச் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். மிதக்கும் வகுப்பறை என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் அந்தப் படகில் ஏறியிருந்தது பேச்சு மட்டும். பாதை ஓரமும் பாறை நிலமும் முள்ளும் கேட்டவர்களின் அன்றாடத்தில் ஏற்கெனவே இருந்தன.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு தத்துவக்காரருடையது. அறிய வேண்டியவற்றில் உயர்ந்தவை எதுவும் வெளியே கிடைப்பதில்லை. எண், நீதி, அணு, ஆன்மா என்று எதையும் வயலில் பிடுங்கிப் பார்க்க முடியாது. பொறிகள் ஏமாற்றும், கயிறு பாம்பாகத் தெரியும். எனவே வெளிக்கல்வி சிறுபிள்ளைப் பருவத்தோடு விட்டுவிட வேண்டிய படி. இதில் பாதி உண்மை. ஆனால் நியாய நூலார் கருதலுக்குச் சொல்லும் பழைய எடுத்துக்காட்டைப் பாருங்கள். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் போல. மலையில் நெருப்பைக் கண்டவர் இல்லை. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருந்ததைக் கண்டவர் உண்டு. அந்த அடுக்களை இல்லாவிட்டால் மலையைப் பற்றிய பேச்சு நிற்காது. காணாததை நோக்கிப் போகும் கல்விக்கு அடுக்களைகள் நிறையத் தேவைப்படுகின்றன. வேர்முடிச்சின் சிவப்பைக் கண்ட பிள்ளைக்கு, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா என்பது வெறும் சொல்லாக இருக்காது. கயிற்றுப் பாம்பும் இந்த மறுப்புக்கு உதவாது. விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டப் போனால்தான் அந்தத் திரிபு தீரும். காட்சியின் பிழையை இன்னும் கிட்டத்துக் காட்சிதான் திருத்துகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. வயலில் தெரியாதவை சில உண்டு. அவைதான் வயலை ஆள்கின்றன. ஜெசப் வண்டி மண்ணைத் தேற்றக் கற்றுக்கொடுத்தது. விவசாயியின் கழுத்தை நெரித்ததில் மண்ணைவிடக் கடன் பெரியது. கடன் கணக்கு வயலில் கிடக்காது, கடைக்காரரின் மேசையில் இருக்கும். யாருக்கு ஓட்டு, யாருக்குச் சம உரிமை என்ற கேள்விகளை புக்கர் வாஷிங்டன் ஒதுக்கி வைத்தார் என்ற குற்றச்சாட்டு அவர் உயிரோடு இருக்கும்போதே டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் போன்ற கறுப்பினச் சிந்தனையாளர்களிடமிருந்து வந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காட்சிக்கு அருகே போவது உண்மைக்கு அருகே போவதாகத் தானாக ஆகிவிடாது. வண்டியில் ஏறும் உரை யாருடையது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் பார்க்கப்பட வேண்டியது. ஈரானில் நடந்தது இதற்கு இன்னொரு சாட்சி. 1930களில் மன்னர் ரெசா ஷா மேய்ச்சல் குடிகளைக் கட்டாயப்படுத்தி ஓரிடத்தில் குடியேற்றப் பார்த்து, மந்தைகளுக்குப் பெருநாசம் விளைந்தது. கஷ்காய் குலத்தவரான மொகம்மது பஹ்மன்பேகி 1950களில் நேர்மாறாகச் செய்தார். பள்ளிக்காக மக்கள் நிற்க வேண்டாம், பள்ளியே கூட நடக்கட்டும் என்றார். ஆட்டுமயிரில் நெய்த கருங்கூடாரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கூடாரம் தெரிந்தால் அது பள்ளிக்கூடம். குளிர்காலப் புல்வெளிக்கும் கோடைப் புல்வெளிக்கும் இடையே குடியோடு அதுவும் இடம் மாறியது. ஆசிரியர்களை அந்தக் குலங்களிலிருந்தே எடுத்து ஷிராஸில் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் கஷ்காய் பேச்சு துருக்கிய மொழி, பாடம் பாரசீகத்தில்; பாடத்திட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது. கூடாரத்துக்கு வெளியே நின்ற மலையையும் மந்தையையும் அந்த உரை எவ்வளவு தூரம் பேசியது என்று கேட்கத் தோன்றுகிறது. நடமாடும் வகுப்பறையாக அது மகத்தான வெற்றி. வெளிக்கல்வி என்று அதைச் சொல்ல எனக்குத் தயக்கம்.

மூன்றாவது, நியாயம் கேட்பவர்களின் மறுப்பு. சக்கரப் பள்ளி என்பது அரசு கை கழுவுவதற்கு நல்ல சாக்கு. வசதியுள்ள பிள்ளைக்குக் கட்டடம், ஏழைக்கு வேன் என்று முடியும். இந்தியாவில் 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. இந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். அது என் வாதத்தைத் தொடாது. எட்டாத இடத்துக்குக் கல்வியை எட்டவைப்பது ஒரு வேலை. 2002 முதல் வங்கதேசத்தில் முகம்மது ரெஸ்வானின் சிதுலாய் அமைப்பு வெள்ளக் காலத்தில் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்குப் படகுப் பள்ளி நடத்துவது அந்த வகை, அதன் நியாயம் தனி. காட்சிக்கும் உரைக்கும் சந்திப்பு ஏற்படுத்துவது வேறு வேலை. அது கட்டடம் உள்ள பள்ளிக்கும், ஏன், சென்னையின் விலையுயர்ந்த பள்ளிக்கும் அதே அளவு தேவை. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கும் அதிகாரிகளிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கடைசி மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வண்டி ஒருநாள் வரும், பிள்ளைகள் மொய்ப்பார்கள், மாலையில் போய்விடும். அது திருவிழா, கல்வி ஆகாது. உண்மைதான். விதைத்த பாத்தியைக் களை எடுக்கும் பருவத்திலும் அறுப்பிலும் திரும்பப் பார்க்காவிட்டால், கண்டதிலிருந்து கருதுவதற்கு எதுவும் சேராது. அலைந்து திரிந்த பௌத்த, சமணத் துறவிகளே மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார்கள். பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கக் கூடாது என்பது அதன் காரணம். ஆனால் அந்தத் தங்கலில்தான் ஊராரோடு நெருக்கமும் ஏற்பட்டிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நம் வண்டிகள் துறவிகளைவிட அவசரக்காரர்கள்: எத்தனை ஊர், எத்தனை மாணவர் என்று ஆண்டறிக்கையில் எண்ணிக்கை காட்ட வேண்டியிருக்கிறது. ஒரே ஊருக்கு ஐந்து முறை போன வண்டி அந்தப் பட்டியலில் ஒரு ஊராகத்தான் நிற்கும்.

காட்டோரம் நிறுத்திய குளிர்சாதனப் பேருந்துக்குள் ஜன்னலை மூடி, திரையை இறக்கி, காட்டைப் பற்றிய படம் போடுவதை வெளிக்கல்வி என்று சொல்லக் கூடாது. படம் உரையின் ஒரு வகை; அதை ஊரிலேயே, மின்விசிறிக்குக் கீழே, இன்னும் நன்றாகப் பார்க்கலாம். ஆகவே பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ இப்படி ஒரு வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கிய பணத்தில் கைக்கண்ணாடிகள், மண்வெட்டி, வெப்பமானி, வலைகள் வாங்குங்கள். வண்டியோடு போகிறவர் அந்த வட்டாரத்துப் பயிரையும் பறவையையும் அங்குள்ள மக்கள் வைத்திருக்கும் பெயரிலேயே தெரிந்தவராக இருக்கட்டும். ஊர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, மீதமாகும் டீசலில் அதே வயலுக்கு விதைப்பிலும் பூப்பிலும் அறுப்பிலுமாக மூன்று முறை போய் வாருங்கள்.